காலில் எதற்குத் தையல்?

அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று நாள் இருக்கும். பார்க்க வந்த அத்தை பழப்பையைக் கீழே வைத்துவிட்டு முதலில் பார்த்தது அவருடைய காலைத்தான். கணுக்காலுக்கு உள்பக்கம் தொடங்கி முழங்கால் வரை நீளமாக ஒரு தையல். "நெஞ்சுலதானேடா ஆபரேஷன்னு சொன்ன? கால்ல என்ன பண்ணி வெச்சிருக்காங்க?" என்று என்னைக் கேட்டார். ஏதோ தப்பு நடந்துவிட்டதோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

அத்தையின் கேள்வி ரொம்ப நியாயமானது. அதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் இதய அறுவை சிகிச்சையில் பாதி புரிந்துவிடும்.

நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் 'ஹார்ட் ஆபரேஷன்' என்று ஒரே பெயர்தான். ஆனால் என்ன கோளாறு என்று கேட்டால் மூன்று சொற்களில் ஒன்று வரும்: அடைப்பு, வால்வு, ஓட்டை. மூன்றும் மூன்று வேறு நோய்கள். நான்காவதாக ஒன்று இருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி எனப்படும் பெரிய ரத்தக்குழாய் புடைப்பதும் கிழிவதும். அதற்கு நம்மிடம் வழக்குச் சொல்லே இல்லை. சொல் இல்லாததால், வலி வரும்போது அது என்னவென்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

முதலில் அடைப்பு. இதயம் ஒரு தசைப் பம்பு. ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. கணக்குப் போட்டால் தினமும் 7,000 லிட்டருக்கு மேல். ஒரு சின்னத் தண்ணீர் லாரி கொள்ளும் அளவு. இவ்வளவு ரத்தம் உள்ளே புரண்டாலும், இதயத்தின் தடித்த தசை அதிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஊருக்கே தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கும் கரண்ட் தனிக் கம்பியில்தானே வர வேண்டும்? அதுபோல, மகாதமனி தொடங்கும் இடத்திலேயே இரண்டு சின்னக் குழாய்கள் பிரிந்து வந்து இதயத்தின் மேல் படர்ந்து அதன் தசைக்கு ரத்தம் ஊட்டுகின்றன. இடப்பக்கக் குழாய் கொஞ்ச தூரத்தில் இரண்டாகப் பிரிவதால் டாக்டர்கள் மொத்தம் மூன்று என்று எண்ணுவார்கள். 'மூணு அடைப்பு' என்று நாம் கேள்விப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றைத்தான். ஒவ்வொன்றும் 3, 4 மில்லிமீட்டர் அகலம்தான்.

இந்தக் குழாயின் உள்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் ஆண்டுக்கணக்கில் படிகின்றன. புகைப்பழக்கம், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கெட்ட கொழுப்பு எல்லாம் சேர்ந்து அதை வேகப்படுத்தும். குழாயின் குறுக்களவில் 70 சதவீதம் போல அடைந்துவிட்டால், சும்மா இருக்கும்போது தெரியாது. மாடி ஏறினால், வேகமாக நடந்தால் தெரியும். நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தும். நின்றால் போய்விடும். அப்பாவுக்கு எட்டு மாதம் இது இருந்தது. ரயில்வே மேம்பாலப் படியில் பாதியில் நிற்பார், 'கேஸ்' என்பார், இறங்கியதும் சோடா குடிப்பார். ஏப்பம் வந்ததும் வலி போனதாக நினைத்தார். உண்மையில் நின்றதால்தான் வலி போனது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த அழுத்தம்கூடச் சரியாகத் தெரியாமல் மூச்சு வாங்குவதோ தாடை வலியோ மட்டும் வரலாம். நடந்தால் வந்து, நின்றால் போகிற எந்தத் தொல்லையையும் வாயு என்று தள்ளிவிடாதீர்கள். இதை நான் பார்க்கிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

எல்லா அடைப்புக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. பலருக்கு மாத்திரை போதும். சிலருக்குக் கையிலோ தொடையிலோ ஒரு சின்னத் துளை வழியாகக் கம்பி செலுத்தி, அடைத்த இடத்தில் பலூனை ஊதி, ஸ்டென்ட் என்ற வலைக்குழலை வைப்பார்கள். இது இதயநோய் மருத்துவரின் வேலை. அறுவை மருத்துவர் தேவையில்லை. மாரடைப்பு வந்துகொண்டிருக்கிற நேரத்தில் பெரும்பாலும் உயிர்காப்பதும் இதுதான்.

அப்புறம் யாருக்கு பைபாஸ்? இடப்பக்கத் தலைக்குழாயிலேயே பெரிய அடைப்பு என்றால், மூன்று குழாயும் மோசமாக அடைந்திருந்தால், அதோடு சர்க்கரை நோயும் இருந்தால், பேச்சு பைபாஸ் பக்கம் சாயும். சர்க்கரை உள்ள 1,900 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2012ல் வெளியானது. எல்லோருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட குழாயில் அடைப்பு. ஐந்து ஆண்டு முடிவில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 100க்கு 16 பேர் இறந்திருந்தார்கள். பைபாஸ் செய்தவர்களில் 100க்கு 11 பேர். பக்கவாதம் மட்டும் பைபாஸ் செய்தவர்களுக்குச் சற்று அதிகம். வீட்டுக்கு வீடு சர்க்கரை இருக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. "ஸ்டென்ட்லயே முடிச்சிடலாமே, எதுக்கு நெஞ்சைப் பிளக்கணும்?" என்று நாங்களும் கேட்டோம். அப்பாவைப் பார்த்த டாக்டர் பொறுமையாக ஒரு தாளில் மூன்று கோடு போட்டு, எங்கெங்கே அடைப்பு என்று புள்ளி வைத்துக் காட்டினார். புள்ளிகளைப் பார்த்த பிறகு அப்பாவே சரி என்றார்.

இப்போது அத்தையின் கேள்விக்கு வருவோம். பைபாஸில் அடைப்பை எடுப்பதில்லை. நிறைய பேர் எடுத்துவிடுவதாகத்தான் நினைக்கிறார்கள். அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு புதுப் பாதை போடுவார்கள். ஊருக்குள் நெரிசல் என்றால் வெளியே புறவழிச்சாலை போடுகிறோமே, பெயரே அதுதான். பாதை போட ஒரு குழாய் வேண்டும், அதுவும் நம் உடம்பிலிருந்தே எடுத்தால்தான் நல்லது. காலில் தோலுக்கு அடியில் ஒரு நீளமான சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய், ஓடுகிறது. காலின் ரத்தத்தைப் பெரும்பாலும் மேலே கொண்டுபோவது ஆழத்தில் இருக்கிற சிரைகள்தான். அதனால் மேலே இருப்பதை எடுத்தாலும் கால் சமாளித்துக்கொள்ளும். சில வாரம் வீங்கும், உட்காரும்போது காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு நுணுக்கம்: காலின் சிரைக்குள் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கச் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கும். அதை அப்படியே வைத்தால் அந்த வால்வுகளே ரத்தத்தைத் தடுத்துவிடும் என்பதால் தலைகீழாகத் திருப்பித் தைப்பார்கள்.

ஒரு முனை மகாதமனியில், மறு முனை அடைப்புக்கு அப்பால். தலைமுடியை விட மெல்லிய நூல் என்றே சொல்லலாம். பூதக்கண்ணாடி பொருத்திய மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தைப்பார்கள்.

கால் சிரையை விட உசத்தியான குழாய் ஒன்று நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் இடதுபுறம் இறங்கும் ஒரு தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாய். அதன் கீழ்முனையை விடுவித்து, இதயத்தின் முன்பக்கம் ஓடும் மிக முக்கியமான குழாயில் இணைத்துவிடுவார்கள். பத்து ஆண்டுக்குப் பிறகும் இது பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கிறது. கால் சிரைகள் அந்த அளவு தாங்குவதில்லை. பத்து ஆண்டில் கணிசமானவை அடைத்துவிடும். அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகும் ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் வாழ்நாள் முழுக்க. புதுப் பாதை போட்டாயிற்றே என்று பீடியைத் திரும்ப எடுத்தால் புதுப் பாதையும் அடைக்கும்.

கால் சிரையை வைத்துச் செய்யும் இந்த முறையை 1967ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் நிலைநிறுத்தியவர் ரெனே ஃபவலோரோ, அர்ஜென்டினாவில் ஒரு சிற்றூரில் பல ஆண்டுகள் கிராம டாக்டராக இருந்தவர். இந்தியாவில் முதல் பைபாஸ் 1975ல் சென்னையில் நடந்தது, பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில். செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். அரசுத் துறை ஆஸ்பத்திரி ஒன்றில் தொடங்கிய கதை என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

துடிக்கிற இதயத்தில் எப்படித் தைப்பது? இரண்டு வழி உண்டு. இந்தியாவில் பல மருத்துவர்கள் இதயத்தை நிறுத்தாமல், தைக்கிற இடத்தை மட்டும் ஒரு சின்னக் கருவியால் அசையாமல் பிடித்துக்கொண்டு செய்கிறார்கள். இன்னொரு வழி, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி இதயத்தையே நிறுத்திவிடுவது. அந்த நேரம் உடம்புக்கு ரத்தம் அனுப்புவதும் அதில் பிராணவாயு ஏற்றுவதும் வெளியே இருக்கிற இதய-நுரையீரல் இயந்திரம்.

அந்த இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு ராத்திரி இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பாஸ்டனில், நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி அடைத்த ஒரு பெண்ணின் பக்கத்தில் ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டர் விடிய விடிய உட்கார்ந்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. கறுத்துப்போகும் அந்த ரத்தத்தைக் கொஞ்சம் வெளியே எடுத்து, சிவப்பாக்கித் திரும்ப உள்ளே விட முடிந்தால் போதுமே என்று அவருக்குத் தோன்றியது. இருபது ஆண்டுக்கு மேல் மனைவி மேரியுடன் சேர்ந்து அதே வேலை. 1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் 18 வயதுப் பெண் ஒருத்தியை இயந்திரத்தில் இணைத்து, இதய மேலறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டையைத் தைத்து மூடினார். அவள் பிழைத்தாள். அடுத்து வந்த தோல்விகளில் மனம் உடைந்து கிப்பன் இதய அறுவையையே விட்டுவிட்டார். மற்றவர்கள் எடுத்துத் தொடர்ந்தார்கள்.

ஓட்டை என்ற சொல் வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். இது பிறவியிலேயே வருவது. இதயத்தின் இடது, வலது பக்கங்களைப் பிரிக்கும் சுவரில் திறப்பு இருக்கும். கீழறைச் சுவரில் இருக்கும் சின்ன ஓட்டைகள் பல, குழந்தை வளர வளரத் தானே மூடிக்கொள்ளும். மேலறைச் சுவரில் இருக்கும் பலவற்றைத் தொடைக் குழாய் வழியாகக் குடை போன்ற ஒரு கருவியை அனுப்பியே மூடிவிடுகிறார்கள். பெரிய ஓட்டைகளுக்குத்தான் தையல். பால் குடிக்கும்போது குழந்தைக்கு வியர்த்துக் கொட்டினால், எடை ஏறாமல் இருந்தால், அழும்போது உதடும் நகமும் நீலம் பாரித்தால் தள்ளிப்போடக் கூடாது. சில கோளாறுகளைக் காலம் கடத்தினால், நுரையீரலின் குழாய்கள் திரும்ப முடியாத அளவு கெட்டுப்போய், பிறகு ஓட்டையை மூடவே முடியாத நிலை வந்துவிடும்.

வால்வு விஷயம் வேறு. ரத்தம் வந்த வழியே திரும்பாமல் தடுக்கும் கதவுகள்தான் இதய வால்வுகள். இது எனக்குக் கோபம் வருகிற இடம், ஏனென்றால் நம் நாட்டு வால்வு நோயில் ஒரு பெரும்பங்கு ஒரு தொண்டை வலியில் தொடங்குகிறது. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஒருவகைக் கிருமியால் தொண்டைப் புண் வருகிறது. சரியாக மருந்து கொடுக்காவிட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வலியும் வரும். இன்று முழங்கால், நாளை கணுக்கால் என்று வலி இடம் மாறும். ருமாட்டிக் காய்ச்சல் என்பது இதுதான். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் படை, ஆள் மாறி இதய வால்வையே தாக்கிவிடுகிறது. மூட்டு சரியாகிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். வால்வு மட்டும் ஆண்டுக்கணக்கில் தடித்து ஒட்டிக்கொண்டே போகும். இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வுதான் அதிகம் அடிபடும். பெண்ணுக்கு இருபத்தி சொச்சம் வயதில், முதல் பிரசவ காலத்தில், இதயத்தின் வேலை கூடும்போது மூச்சு வாங்கித்தான் பல நேரம் இது வெளியே தெரிகிறது. ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் போட்டால் வால்வு மேலும் கெடாமல் காக்கலாம். விலை குறைந்த ஊசி. வலிக்கும் என்பதற்காகவும், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்றும் நிறுத்திவிடுகிறார்கள்.

ஒட்டிய வால்வைச் சிலருக்கு பலூனால் பிரித்துவிடலாம். சிலருக்குத் தைத்துச் சீர்செய்யலாம். அதற்கும் மிஞ்சினால் மாற்ற வேண்டும். மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றி வால்விலிருந்தோ செய்ததை வைத்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வாழ்நாள் முழுக்கத் தேவைப்படாது, ஆனால் 10, 15 ஆண்டில் தேயும். இளவயதினருக்கு இன்னும் சீக்கிரம். உலோக வால்வு தேயாது, ஆனால் அதன் மேல் ரத்தம் உறையக்கூடும் என்பதால் அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற மாத்திரையை ஒருநாள் தவறாமல் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும். அளவு சரிதானா என்று அடிக்கடி ரத்தம் கொடுத்து, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். கீரை இந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் என்றாலும் கீரையை விடச் சொல்ல மாட்டார்கள். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றாதீர்கள் என்பார்கள். பல் பிடுங்கப் போகும் முன் பல் டாக்டரிடமும் இதய டாக்டரிடமும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற நினைக்கும் பெண்ணுக்கு இந்த மாத்திரை பெரிய சிக்கல், கருவைப் பாதிக்கக்கூடியது. எந்த வால்வு என்று முடிவெடுக்கும் முன்பே அந்தப் பேச்சை வெட்கப்படாமல் பேசிவிட வேண்டும்.

எங்கள் தெருவில் உலோக வால்வு வைத்த ஒரு அக்கா இருக்கிறார். கரண்ட் போன ஒரு ராத்திரி, திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது 'டிக், டிக்' என்று மெல்லக் கேட்டது. கைக்கடிகாரம் என்று நினைத்தேன். "அது என் வால்வுப்பா, ஓடுதான்னு நானே படுக்கும்போது கேட்டுக்குவேன்" என்றார். அவருடையது திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிலையத்தில் உருவான வால்வு. வெளிநாட்டு வால்வு வாங்க முடியாதவர்களுக்காக டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் முயன்று, மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவது நின்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரிக்கிறது.

சரி, பெயரில்லாத அந்த நான்காவது. மகாதமனி வயிற்றுப் பகுதியில் சாதாரணமாக 2 சென்டிமீட்டர் அகலம். வயது, புகை, ரத்தக்கொதிப்பு இவற்றால் சிலருக்கு அதன் சுவர் தளர்ந்து, பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பது போலப் புடைக்கும். வலியே இருக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரைத் தொட்டால் வெடிக்கும் ஆபத்து கூடுகிறது என்று சரிசெய்துவிடுவார்கள். இன்னொன்று கிழிசல்: சுவரின் உள்ளடுக்கு கிழிந்து, ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து பிரித்துக்கொண்டே போகும். திடீரென்று, உச்சக்கட்டமாக, நெஞ்சிலிருந்து முதுகுக்கு எதையோ கிழிப்பது போல வலி. இதயத்தை ஒட்டிய பகுதியில் கிழிந்தால் ஒவ்வொரு மணி நேரமும் சாவு நெருங்குகிறது, உடனே ஆபரேஷன்தான்.

கெட்ட பகுதியை எடுத்துவிட்டு அங்கே தைப்பது துணிக்குழாய். 1950களில் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி நைலான் துணி வாங்கக் கடைக்குப் போனார். தீர்ந்துவிட்டது, புதிதாக டேக்ரான் வந்திருக்கிறது என்றார்கள். வாங்கி வந்து மனைவியின் தையல் மெஷினில் தானே குழாயாகத் தைத்தார். டேக்ரான் என்பது பாலியெஸ்டர். நம் வீட்டுச் சேலையும் சட்டையும் எந்த இழையோ அதே இழை. இன்றும் அதுதான் மனிதருக்குள் போகிறது. 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், டிபேக்கிக்கே மகாதமனி கிழிந்தது. அந்தக் கிழிசலை வகைபிரித்து, அதற்கு அறுவை முறையை வகுத்தவர்களில் அவரும் ஒருவர். அடுத்த பிப்ரவரியில் அவரோடு நெடுநாள் வேலை பார்த்த டாக்டர்களே அவருக்கு ஆபரேஷன் செய்தார்கள். பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து, மறுபடி வேலைக்குப் போனார். 2008 ஜூலையில், 100 வயதுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் இறந்தார்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய நாட்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம். மார்பெலும்பை அறுத்துத் திறந்து, முடிந்ததும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டுகிறார்கள். கம்பி உள்ளேயே இருந்துவிடும். எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம், முழுப் பலம் வர மூன்று மாதம். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. படுக்கையிலிருந்து எழும்போது கையை ஊன்றாமல் எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். அப்பா அந்தத் தலையணையை ஹாலுக்கும் வாசலுக்கும் கூடவே தூக்கிக்கொண்டு திரிந்தார். சில வாரம் காரணமில்லாமல் கண் கலங்கும், தூக்கம் வராது, சாப்பாடு ருசிக்காது. அதுவும் இதில் சேர்த்திதான் என்று தெரிந்திருந்தால் நாங்கள் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம். செலவைப் பற்றி: பைபாஸும் வால்வு மாற்றமும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். நகையை அடகு வைக்கும் முன் அந்த அட்டையைத் தேடி எடுங்கள்.

கடைசியாகக் கால். நெஞ்சுக்குழாயில் படிவது காலின் தமனியிலும் படியும். நூறு இருநூறு அடி நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிக்கும், நின்றால் விடும். இதயத்தில் நடக்கிற அதே கதை. மூட்டுத் தேய்மானம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். முற்றினால் ராத்திரி படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும், விரலில் வந்த புண் ஆறாது, கறுக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலை எடுக்க நேர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பீடி, சிகரெட் பிடிக்கும் ஆண்களில் சிலருக்கு நாற்பது வயதுக்கு முன்பே சின்னக் குழாய்கள் அடைத்துவிடும்; அதற்குப் புகையை அடியோடு விடுவதை மிஞ்சிய மருந்து கிடையாது. நேரத்தோடு போனால் காலிலும் பலூன் உண்டு, பைபாஸும் உண்டு. அதற்கும் அதே கால் சிரைதான் முதல் தேர்வு.

அன்று அத்தைக்கு எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், தனக்கும் சர்க்கரை இருப்பதாகச் சொல்லிக் காலை நீட்டினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அப்பாவுக்குப் பார்த்ததைப் போல நானும் பார்த்தேன். பாதத்தின் மேற்புறத்தில், கட்டைவிரல் எலும்புக்கும் அடுத்த விரல் எலும்புக்கும் நடுவே மேலே, இரண்டு விரலை மெதுவாக வைத்தால் நாடி துடிக்கும். உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும் ஒன்று துடிக்கும். மேற்புற நாடி சிலருக்கு இயல்பிலேயே தெரியாது. இரண்டு இடத்திலும் இல்லை என்றால், கூடவே நடந்தால் வலியோ ஆறாத புண்ணோ இருந்தால், ரத்தக்குழாய் டாக்டரிடம் காட்ட வேண்டும். அத்தைக்கு வலது காலில் நன்றாகத் துடித்தது. இடது காலில் எனக்குத் தட்டுப்படவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் அவரோடு நானும் போனேன்.